ஒத்திகைக்கு யாரை அழைப்பது?

2002 மே 26 அன்று தென்கொரியாவின் சுவோன் நகரில் பிரான்சும் தென்கொரியாவும் ஆடின. உலகக்கோப்பை தொடங்க ஐந்தே நாள் இருந்தது. புள்ளியோ கோப்பையோ இல்லாத நட்புறவு ஆட்டம். நடப்பு உலகச் சாம்பியனான பிரான்ஸ் 3-2 என்று வென்றது. அதுவும் ஃபிராங்க் லெபோஃப் கடைசி நேரத்தில் அடித்த கோலால். ஆனால் அந்த ஆட்டத்தை இன்று யாரும் அந்த கோலுக்காக நினைப்பதில்லை. முதல் பாதியிலேயே தொடைத் தசை இழுத்துக்கொண்டு ஜினெடின் ஜிடான் வெளியேறினார். பதினொரு நாள் முன்புதான் கிளாஸ்கோவில் ரியல் மாட்ரிட்டுக்காகச் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் ஆடியிருந்தார். நெடும்பயணம் செய்து அணியுடன் தாமதமாகச் சேர்ந்தவரை வெற்றி தோல்விக்குப் பொருளில்லாத ஓர் ஆட்டத்தில் இறக்கினார்கள்.

அவர் இல்லாமல் பிரான்ஸ் செனகலிடம் 0-1 என்று தோற்றது, உருகுவேயுடன் கோலின்றிச் சமன் செய்தது. தொடையில் கட்டுடன் அவர் இறங்கிய மூன்றாவது ஆட்டத்தில் டென்மார்க்கிடம் 0-2. ஒரு கோல்கூட அடிக்காமல் சாம்பியன் ஊர் திரும்பியது. தோற்ற தென்கொரியாவோ அரையிறுதிவரை போனது. ஒரே ஆட்டம் ஒரு அணிக்கு வரமாகவும் இன்னொன்றுக்குச் சாபமாகவும் முடிந்தது.

பெரிய போட்டிக்கு முன்பு ஒரு தேசிய அணி யாருடன் ஆடிப் பார்க்க வேண்டும்? பிரிவில் சந்திக்கப்போகும் அணிகளின் சாயலில் உள்ளவர்களுடன் என்பதே கால்பந்துச் சங்கங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். அந்தச் சாயலை எதை வைத்து அளப்பது என்ற இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நல்ல ஒத்திகை எதிரணி நம் ஆட்டத் திட்டத்தை உடைத்துக் காட்ட வேண்டும். உடைந்ததைச் சரிசெய்யப் போதிய நாளும் மிச்சமிருக்க வேண்டும். இந்த இரண்டும் கூடிவந்த தருணங்கள் வரலாற்றில் குறைவு.

கூடிவந்தவற்றில் முதன்மையானது அதே தென்கொரியா. 1954 முதல் 1998 வரை ஐந்து உலகக்கோப்பைகளில் ஆடி, ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாத அணி அது. 2001 தொடக்கத்தில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற நெதர்லாந்துக்காரர் குஸ் ஹிடிங்க் எளிய அணிகளை அழைத்து வெற்றி சேர்க்கவில்லை. 2001 மே மாதம் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் பிரான்சிடம் 0-5. ஆகஸ்டில் செக் நாட்டின் பர்னோ நகருக்கே போய் மறுபடி 0-5. ‘ஐந்துக்குப் பூஜ்யம்’ என்று கொரியப் பத்திரிகைகள் அவருக்குப் பட்டப்பெயரே வைத்தன. 2002 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த கோல்டு கோப்பைக்கு விருந்தினராகப் போன அணி, ஐந்து ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தொண்ணூறு நிமிடத்துக்குள் வெல்லவில்லை. பிப்ரவரியில் மொன்டெவிடியோவில் உருகுவேயிடம் 1-2. அவரை வீட்டுக்கு அனுப்பச் சொன்ன குரல்கள் உரத்து எழுந்த காலம் அது.

இந்தத் தோல்விகளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. கொரிய வீரர்களுக்கு ஓட்டம் உண்டு, நுட்பம் போதாது என்பதுதான் அந்த நாட்டின் பொது நம்பிக்கை. ஹிடிங்க் கண்டது நேர் எதிர்: பந்தைக் கையாளும் திறன் இருக்கிறது, ஐரோப்பிய வேகத்தை ஆட்டம் முழுவதும் தாங்கும் உடல்தான் இல்லை. பலவீனமான அணிகளுடன் ஆடியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. அந்த ஆட்டங்களில் பந்து கொரியர்கள் காலிலேயே இருந்திருக்கும். இழந்த பந்தை மீட்க ஓடவேண்டிய தேவை இருந்திருக்காது. ரேமண்ட் வெர்ஹைஜன் உள்ளிட்ட உடற்தகுதி வல்லுநர்கள் சேர்க்கப்பட்டார்கள். உள்நாட்டு லீக் கிளப்புகள் வீரர்களை நீண்ட முகாமுக்கு விட்டுக்கொடுத்தன.

மார்ச்சில் துனிசியா 0-0, ஃபின்லாந்து 2-0, துருக்கி 0-0. மூன்று ஆட்டத்தில் ஒரு கோலும் வாங்கவில்லை. அடுத்து மே மாதத்தின் மூன்று ஆட்டங்கள். 16 அன்று ஸ்காட்லாந்து, 4-1 வெற்றி. 21 அன்று இங்கிலாந்து, 1-1. 26 அன்று பிரான்ஸ், 2-3. எதிரணியின் தரம் படிப்படியாக ஏறுகிறது, இடைவெளி ஐந்தைந்து நாள். உலகக்கோப்பையில் கொரியாவின் பிரிவு ஆட்டங்கள் ஜூன் 4, 10, 14. இடைவெளி ஆறும் நான்கும். ஸ்காட்லாந்துடன் ஆடிய பூசான் மைதானத்திலேயே ஜூன் 4 அன்று போலந்தைச் சந்தித்தார்கள். எத்தனையாவது நாளில் கால் கனக்கும், எத்தனையாவது நாளில் தேறும் என்பதை வீரர்களின் உடல் முன்பே ஒருமுறை அனுபவித்திருந்தது. ஓராண்டுக்கு முன் 0-5 என்று நசுக்கிய பிரான்சுக்கு எதிராக இப்போது பார்க் ஜி-சுங்கும் சோல் கி-ஹியோனும் கோல் போட்டு இடைவேளைக்கு முன்னிலையில் சென்றார்கள். தங்கள் முன்னேற்றத்தை அளக்க அந்த அணிக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைத்திருக்காது.

சொந்த மண், சொந்தக் கூட்டம், இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் எதிரான ஆட்டங்களில் இன்றுவரை சர்ச்சையாக இருக்கும் நடுவர் தீர்ப்புகள் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் அந்த அரையிறுதியை மதிப்பிட வேண்டும். ஆனால் போலந்தை 2-0 என்றும் போர்ச்சுகலை 1-0 என்றும் வென்ற ஓட்டத்தை நடுவர் தந்துவிட முடியாது.

இனி மறுபக்கம். வரைபடத்தைப் பார்த்து எதிரணியைத் தேடுவது பரவலான பழக்கம். பிரிவில் ஆப்பிரிக்க அணி இருந்தால் இன்னோர் ஆப்பிரிக்க அணி, ஆசிய அணி இருந்தால் இன்னோர் ஆசிய அணி. இதில் இங்கிலாந்தை மிஞ்ச ஆளில்லை. 2010 உலகக்கோப்பையில் அதன் பிரிவில் அமெரிக்கா, அல்ஜீரியா, ஸ்லோவேனியா. ஒத்திகைக்கு எகிப்தை அழைத்து 3-1 என்று வென்றது, மெக்சிகோவை 3-1 என்று வென்றது, ஜப்பானை 2-1 என்று வென்றது. பிறகு உண்மையான அமெரிக்காவுடன் 1-1, உண்மையான அல்ஜீரியாவுடன் 0-0. வட ஆப்பிரிக்காவுக்கு எகிப்தும் வட அமெரிக்காவுக்கு மெக்சிகோவும் பதிலாள் என்ற கணக்கு களத்தில் செல்லுபடியாகவில்லை. 2014இல் பிரிவில் உருகுவேயும் கோஸ்டா ரிகாவும் இருந்ததால் பெரு, ஈக்வடார், ஹோண்டுராஸ் ஆகிய அணிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பெருவை 3-0 என்று வென்றார்கள். மற்ற இரண்டும் சமன். பிரேசிலில் இத்தாலியிடமும் உருகுவேயிடமும் தோற்று, கோஸ்டா ரிகாவுடன் சமன் செய்து, பிரிவின் கடைசி இடத்தில் வெளியேறினார்கள்.

2018இல் போலந்து இதைப் பாடப்புத்தகம்போலச் செய்தது. பிரிவில் செனகல், கொலம்பியா, ஜப்பான். ஒத்திகைக்கு நைஜீரியா, சிலி, தென்கொரியா. கண்டத்துக்கு ஒன்று! கடைசியாக லிதுவேனியாவை 4-0 என்று வென்று நம்பிக்கையோடு ரஷ்யாவுக்குப் பறந்தார்கள். செனகலிடம் 1-2, கொலம்பியாவிடம் 0-3. இரண்டாவது ஆட்டத்தோடு கதை முடிந்தது. நைஜீரியா எப்படி ஆடுகிறது என்பதைச் செனகலின் பயிற்சியாளரோ வீரர்களோ தீர்மானிப்பதில்லை. இரு அணிகளின் முன்னணி வீரர்களும் ஐரோப்பிய லீக்குகளில் வெவ்வேறு பயிற்சியாளர்களிடம் வளர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்துக் கொடி என்பதால் ஆட்டமுறை ஒன்றாகிவிடாது.

நிலப்பரப்பு தானே எதிரணியாக மாறும்போது மட்டும் வரைபடம் உதவும். 1970 மெக்சிகோ உலகக்கோப்பைக்கு முன்பு பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே இங்கிலாந்தை அழைத்துப்போன இடங்கள் போகோட்டாவும் கீட்டோவும். இரண்டும் மெக்சிகோ நகரத்தைவிட உயரமானவை. கீட்டோ சுமார் 2,850 மீட்டர். கொலம்பியாவை 4-0 என்றும் ஈக்வடாரை 2-0 என்றும் வென்றது இரண்டாம்பட்சம். மெலிந்த காற்றில் பந்து எப்படிப் பறக்கிறது, எப்போது மூச்சு வாங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் நோக்கம். அதற்கும் ஒரு விலை இருந்தது. போகோட்டா விடுதிக் கடையில் காப்பு திருடினார் என்று குற்றம்சாட்டி அணித்தலைவர் பாபி மூரைப் பிடித்து வைத்துவிட்டார்கள். நாலு நாள் காவலுக்குப் பிறகு அவர் அணியோடு சேர்ந்தார். வழக்கு பின்னர் நீர்த்துப்போனது. உலகச் சாம்பியன் அணியின் தலைவர் ஒத்திகைப் பயணத்தில் திருட்டுப் பழி சுமந்தது நாவலில் வந்தால் நம்ப மாட்டோம்.

இன்னும் பழைய உதாரணம் ஹங்கேரி. 1953 நவம்பரில் வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என்று சிதறடித்த அணியின் மூளை குஸ்தாவ் செபஷ். வெம்பிளிக்கு நேரில் வந்து களத்தை அளந்து போனார். ஆங்கிலேயர் பயன்படுத்தும் கனமான பந்துகளை வாங்கிப் பழகச் செய்தார். உள்ளூர் அணிகளை ஆங்கிலேயர் பாணியில் ஆடச் சொல்லி அவற்றுடன் மோதவிட்டார். பெரிய பெயர் கொண்ட எதிரணி அவருக்குத் தேவைப்படவில்லை. எதிரியின் பாணியை வீட்டிலேயே உருவாக்கிக்கொண்டார். இன்றைய சங்கங்கள் ஏன் இதைச் செய்வதில்லை என்று யோசித்தால் பதில் மைதானத்துக்கு வெளியே கிடைக்கிறது. உள்ளூர் அணியுடன் மூடிய கதவுக்குள் ஆடினால் நுழைவுச்சீட்டு விற்காது, தொலைக்காட்சி உரிமையும் விற்காது.

யார் தேர்வு செய்கிறார்கள் என்ற கேள்விக்கு இங்கே வந்துவிடுகிறோம். பயிற்சியாளர் ஒரு பட்டியல் தருவார். பிறகு சங்கச் செயலாளர், விளம்பர நிறுவனம், ஒளிபரப்பாளர், எதிரணி கேட்கும் தொகை என்று கைமாறி, கடைசியில் பட்டியலில் இல்லாத ஒரு பெயர் வெளியே வரும். 2011 செப்டம்பரில் லயனல் மெஸ்ஸி அர்ஜென்டினாவுக்குத் தலைமையேற்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஆடினார், எதிரணி வெனிசுவேலா. நாலு நாள் கழித்து டாக்காவில் நைஜீரியாவுடன். பார்வையாளர்களுக்கு அது திருவிழா. அணியின் ஆயத்தக் கணக்கில் அந்த ஊர்கள் ஏன் வந்தன என்பதற்குப் பணப்பெட்டியைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அதே அர்ஜென்டினா 2018இல் எருசலேமில் இஸ்ரேலுடன் ஆடவிருந்த ஆட்டத்தை, பாலஸ்தீனர்களின் எதிர்ப்பு கிளம்பியதும், சில நாளே இருந்த நிலையில் ரத்து செய்தது. அதற்கு முன் ஹெயிட்டியை வீட்டில் 4-0 என்று வென்றதோடு அதன் ஒத்திகை நின்றுபோனது. பிறகு ஐஸ்லாந்துடன் 1-1, குரோஷியாவிடம் 0-3.

பணத்தை விட்டால் தரவரிசை. 2018 வரை பின்பற்றப்பட்ட ஃபிஃபா சூத்திரத்தில் வெற்றிக்கு மூன்று புள்ளி. அதை ஆட்டத்தின் முக்கியத்துவத்தாலும் எதிரணியின் தரத்தாலும் பெருக்குவார்கள். நட்புறவு ஆட்டத்தின் முக்கியத்துவம் 1, தகுதிச்சுற்றுக்கு 2.5. தரவரிசையில் ஐம்பதாவது அணியை நட்புறவு ஆட்டத்தில் வென்றால் கிடைப்பது, கண்டக் காரணியை விட்டுவிட்டால், 450. தகுதிச்சுற்றில் அதே வெற்றிக்கு 1,125. ஆண்டின் ஆட்டங்கள் அனைத்துக்கும் சராசரி எடுப்பதால், நட்புறவு ஆட்டத்தில் வென்றால்கூட மேல்நிலை அணியின் சராசரி சரியும். ஆடாமல் இருப்பதே லாபம்! இதைக் கண்டுகொண்ட போலந்து 2016 நவம்பருக்குப் பிறகு ஓராண்டு நட்புறவு ஆட்டமே ஆடவில்லை. ஆறாம் இடத்துக்கு ஏறி 2018 உலகக்கோப்பைக் குலுக்கலில் தரவரிசையில் முந்திய அணிகளுக்கான முதல் தொகுப்பில் அமர்ந்தது. ஸ்பெயின் இரண்டாம் தொகுப்புக்குப் போனது. அதற்கு முன் 2015இல் ருமேனியாவும் வேல்சும் இதே வழியில் தகுதிச்சுற்றுக் குலுக்கலின் முதல் தொகுப்புக்கு வந்தன. இத்தாலி இரண்டாம் தொகுப்பில் விழுந்து, ஸ்பெயினோடு ஒரே பிரிவில் மாட்டி, கடைசியில் 2018 உலகக்கோப்பைக்கே வரவில்லை. சூத்திரத்தைச் சாதுரியமாகக் கையாண்ட ருமேனியாவும் வேல்சும்கூட வரவில்லை என்பது வேறு கதை. 2018 உலகக்கோப்பைக்குப் பிறகு ஃபிஃபா சூத்திரத்தை மாற்றியது. இப்போது ஆடாமல் ஏறுவது கடினம்.

மோசடியும் இந்தச் சந்தைக்குள் நுழைந்தது. 2010 செப்டம்பரில் பஹ்ரைனுடன் ஆடி 0-3 என்று தோற்ற ‘டோகோ’ அணி டோகோ அணியே இல்லை. வேறு ஆட்களுக்குச் சட்டை மாட்டி இறக்கியிருந்தார்கள். அதே ஆண்டு உலகக்கோப்பையை நடத்திய தென்னாப்பிரிக்காவின் ஒத்திகை ஆட்டங்களில் சூதாட்டக் கும்பல் தனக்கு வேண்டிய நடுவர்களை நுழைத்திருந்ததை ஃபிஃபாவின் விசாரணை வெளிக்கொணர்ந்தது. குவாதமாலாவை 5-0 என்று வென்ற ஆட்டத்தின் நைஜர் நாட்டு நடுவர் இப்ராஹிம் ஷைபுவுக்கு 2019இல் ஆயுள் தடை விதிக்கப்பட்டது. இந்தக் கும்பலின் மையத்தில் பேசப்பட்ட வில்சன் ராஜ் பெருமாள் சிங்கப்பூர்க்காரர். 2011இல் ஃபின்லாந்தில் வேறொரு சூதாட்ட வழக்கில் தண்டனை பெற்றவர். யாரும் கூர்ந்து பார்க்காத ஆட்டம் என்பதே இத்தகையவர்களுக்கு வாசல்.

கோல் கணக்கை வைத்து ஒத்திகையை எடைபோடுவது எவ்வளவு பயனற்றது என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 1994 ஏப்ரலில் அரிகோ சாக்கியின் இத்தாலி, நான்காம் நிலை லீக்கில் ஆடிய பொன்டெதெரா என்ற சிற்றூர் கிளப்பிடம் பயிற்சி ஆட்டத்தில் 1-2 என்று தோற்றது. மூன்று மாதம் கழித்து உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் நின்றது. 2006இல் பிரேசில், சுவிட்சர்லாந்தின் வெகிஸ் ஊரில் ரசிகர்கள் காசு கொடுத்துப் பயிற்சியைப் பார்க்கும்படி முகாமிட்டு, லுசெர்ன் அணியை 8-0 என்றும் நியூசிலாந்தை 4-0 என்றும் துவைத்தது. காலிறுதியில் பிரான்சின் ஜிடானுக்கு முன்னால் அது செயலிழந்து நின்றது.

தோல்வியிலிருந்து திட்டத்தையே மாற்றிய அணியாக நான் மதிப்பது 2010 ஜப்பான். ஏப்ரலில் செர்பியாவிடம் 0-3, மே 24 அன்று சொந்த நாட்டில் தென்கொரியாவிடம் 0-2. ஆறு நாள் கழித்து ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இங்கிலாந்து. அந்த ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் தகேஷி ஒகடா, தடுப்பு வரிசைக்கு முன்னால் யூகி அபேயைக் காவலாளாக நிறுத்தினார். கோலில் கவாஷிமாவை இறக்கினார். அணித்தலைமையை ஹசெபேயிடம் கொடுத்தார். இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பெனால்டியைக் கவாஷிமா தடுத்தார். ஜப்பான் 1-2 என்று தோற்றது. இரண்டும் தங்கள் வலைக்குள் தாங்களே தட்டிய கோல்கள். பந்தை வைத்துக்கொண்டு ஆளும் பழைய கனவை ஒகடா கைவிட்டு, இந்த அமைப்பையே தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார். கேமரூனையும் டென்மார்க்கையும் வென்று இரண்டாம் சுற்றுக்கு வந்தார். அடுத்தடுத்த தோல்விகளை அவமானமாக மட்டும் பார்த்திருந்தால் அபே பெஞ்சிலேயே இருந்திருப்பார்.

2022 உலகக்கோப்பை இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்குகிறது. அர்ஜென்டினா அந்த ஆண்டு எஸ்தோனியாவை 5-0, ஹோண்டுராசை 3-0, ஜமைக்காவை 3-0, கத்தாருக்குள் நுழையும் முன் அமீரகத்தை 5-0 என்று வென்றது. பயிற்சியாளர் எர்வே ரெனாரின் சவூதி அரேபியாவோ ஈக்வடார், அமெரிக்கா, குரோஷியா என்று வலுவான அணிகளைத் தேடிப் போனது. கோல் அடிக்கத் திணறியது, ஆனால் எந்த ஒத்திகையிலும் ஒன்றுக்கு மேல் வாங்கவில்லை. முதல் ஆட்டத்தில் இருவரும் சந்தித்தபோது சவூதியின் தடுப்பு வரிசை நடுக்கோட்டை நோக்கி ஏறி நின்றது. முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடு கொடியில் கரைந்தன. முப்பத்தாறு ஆட்டமாகத் தோற்காத அணிக்கு, எஸ்தோனியாவோ ஜமைக்காவோ அப்படியொரு புதிரைப் போட்டதே இல்லை. 2-1 என்று சவூதி வென்றது.

ஆனால் கோப்பையைத் தூக்கியது அர்ஜென்டினா. சவூதி அடுத்த இரண்டையும் தோற்று வெளியேறியது. ஒத்திகையில் கிடைக்காத பாடம் அர்ஜென்டினாவுக்குப் போட்டிக்குள்ளேயே கிடைத்தது, மூன்று புள்ளி விலையில். அதன் பிறகே என்சோ ஃபெர்னாண்டஸ், மக் அலிஸ்டர், ஹூலியன் ஆல்வரஸ் ஆகியோர் நிலையான இடம் பெற்றார்கள். மெஸ்ஸி இருந்ததால் அந்த விலையைக் கொடுத்துப் பிழைத்தார்கள். நடுத்தர அணி அந்தக் கடனை வாங்கினால் மீள முடியாது.

வலுவான எதிரணியைத் தேடினாலும் கிடைப்பது அரிதாகிவிட்ட காலம் இது. 2018 செப்டம்பரில் ஐரோப்பா நேஷன்ஸ் லீக்கைத் தொடங்கியதும், ஐரோப்பிய அணிகளின் நாட்கள் தங்களுக்குள்ளேயே நிரம்பிவிட்டன. 2018க்கும் 2022க்கும் நடுவே பிரேசில் சந்தித்த ஒரே ஐரோப்பிய அணி செக் குடியரசு, அதுவும் 2019 மார்ச்சில் ஒரே முறை. 2006 முதல் 2022 வரை ஒவ்வொரு உலகக்கோப்பையிலும் பிரேசிலை வெளியேற்றியது ஐரோப்பிய அணிதான்: பிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், குரோஷியா. எந்த நோய்க்கு மருந்து வேண்டுமோ அதற்கான மருந்துக்கடை அந்த நான்காண்டில் ஏறக்குறைய மூடியே கிடந்தது.

பிரேசிலுக்கே இந்த நிலை என்றால் இந்தியாவின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஆசியக்கோப்பைக்கு முன்பு பயிற்சியாளர் பாப் ஹௌட்டனின் அணி மாதக்கணக்கில் வெளிநாட்டில் முகாமிட்டது. குவைத்திடம் 1-9, அமீரகத்திடம் 0-5 என்று வாங்கியது. திட்டம் உடைந்தது, ஆனால் மாற்றுவதற்கு வேறு திட்டமோ ஆட்களோ இல்லை. கத்தாரில் மூன்றிலும் தோல்வி. எதிரணி வலுவாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். 2015 மார்ச்சில் 173ஆம் இடத்திலிருந்த அணியைப் பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், நேபாளம், கம்போடியா, புவேர்ட்டோ ரிகோ போன்ற எட்டக்கூடிய அணிகளோடு ஆடவைத்து 2017 ஜூலையில் 96க்கு ஏற்றினார். பிறகுதான் தரத்தை உயர்த்தினார்: 2018 அக்டோபரில் சீன மண்ணில் 0-0, நவம்பரில் ஜோர்டானிடம் 1-2, டிசம்பரில் ஓமனுடன் 0-0. 2019 ஜனவரியில் ஆசியக்கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று வென்றது அந்த வரிசையின் தொடர்ச்சி. பஹ்ரைனுக்கு எதிராகக் கடைசி நேரப் பெனால்டி விழாமல் இருந்திருந்தால் அடுத்த சுற்று கைக்கு வந்திருக்கும். 2024 ஜனவரி ஆசியக்கோப்பைக்கு முன்பு உள்நாட்டு லீக்கான ஐஎஸ்எல் அட்டவணைக்குள் சிக்கி, தோஹாவில் கிடைத்தது சுமார் இரண்டு வார முகாம். மூன்று ஆட்டத்திலும் தோல்வி. ஒரு கோலும் இல்லை.

2026 முதல் செப்டம்பர், அக்டோபர் மாத இடைவெளிகளை ஃபிஃபா ஒன்றாக்கி, நான்கு ஆட்டங்கள் ஆடத்தக்க ஒரே நீண்ட இடைவெளியாக மாற்றியிருக்கிறது. ஒரே முகாமில் இரண்டு எளிய அணி, இரண்டு கடின அணி என்று வரிசைப்படுத்தவும், முதல் ஆட்டத்தில் தெரிந்த ஓட்டையை நான்காவதில் அடைத்துப் பார்க்கவும் அதில் இடமுண்டு. வீரர்களை நீண்ட நாள் ஒன்றாகப் பார்க்க முடியாத சங்கங்களுக்கு, ஹிடிங்க்குக்குக் கிடைத்த மே மாதத்தின் சிறு பிரதி அது. அந்த நாலு ஆட்டங்களை விற்பனைப் பிரிவு எடுத்துக்கொள்ளுமா, பயிற்சியாளர் எடுத்துக்கொள்வாரா என்பதை ஒவ்வொரு சங்கமும் இப்போதே தீர்மானித்துக்கொண்டிருக்கும்.